ரைல்சுக்குக் கீழே

புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் பழைய வீட்டைத் திருத்த வருபவர்கள் பெரும்பாலும் கூரையில் இருந்துதான் கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் சனம் இடம்பெயர்ந்தபின் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடுகள் அவை. ஓடு போயிருக்கும், வளையைக் கறையான் தின்றிருக்கும், சுவர் வெடிப்பில் ஆலங்கன்று வேர் விட்டிருக்கும். இவை கண்ணுக்குத் தெரியும் பழுதுகள். காசும் ஆளும் இருந்தால் ஒரு பாட்டில் முடிந்துவிடும். வெள்ளையடித்து, பால் காய்ச்சி, குடிபுகுந்து இரண்டு மாரி கழிந்த பிறகுதான் மற்றப் பழுதுகள் தலைகாட்டும். குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறும். பூச்சு உப்புப் பூத்துக் கையோடு உதிரும். கொமட்டுக்குத் தண்ணீர் விட்டால் முகம் கழுவும் பேசின் களகளவென்று சத்தம் போடும். பங்குனி, சித்திரைக்குள் கிணற்றுத் தண்ணீரின் சுவை மாறும்.

திருத்த வருகிறவர் ரைல்ஸைப் பார்க்கிறார். இடைவெளிகளில் வெள்ளைச் சீமெந்து அடைக்கிறார், சுவருக்கு இன்னொரு பூச்சுப் பூசுகிறார். ஆறு மாதத்தில் அதே இடம் மறுபடி நனைகிறது. தீவுப்பகுதியில் குளியலறைப் பழுதை விளங்கிக்கொள்ள வீட்டுக்குள் நின்று பார்த்தால் போதாது. காலடியில் கிடக்கும் சுண்ணக்கல்லையும் அதற்குள் நிற்கும் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இங்கே குழாயில் ஏறி வருகிற தண்ணீரும் குழியில் இறங்கிப் போகிற தண்ணீரும் ஒரே நிலத்தடி நீர்தான்.

முந்திய தலைமுறையின் வளவில் கிணற்றடி ஒரு பக்கம் இருந்தது. மலகூடம் வளவின் கோடியில், எதிர் மூலையில் இருந்தது. குளித்த தண்ணீர் வாய்க்காலால் ஓடி வாழைக்கும் தென்னைக்கும் போனது. மலகூடத்துக்கு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். வயதானவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் அது எவ்வளவு பாடு என்று தெரிந்தவர்கள், குளியலறையை வீட்டுக்குள் கொண்டுவந்ததைக் குறை சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த நடை தூரம் ஒரு வேலையையும் செய்துகொண்டிருந்தது. கிணற்றையும் குழியையும் அது பிரித்து வைத்திருந்தது. அறையோடு சேர்ந்த குளியலறை வந்தபோது தூரம் சுருங்கியது, தண்ணீர்ப் பாவனை பெருகியது. அந்தத் தூரம் செய்த வேலையை இனிக் குழாயும் சீமெந்தும் செய்யவேண்டும்.

தீவுக்குள் நல்ல தண்ணீர் எப்படி நிற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். நாலு பக்கமும் கடல். நிலமோ கடல்மட்டத்தில் இருந்து சில மீற்றருக்கு மேல் உயராத, துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணக்கல். கடல்நீர் அந்தத் துளைகள் வழியே நிலத்துக்கு அடியிலும் பரவி நிற்கிறது. மழை பெய்து கீழிறங்கும் நன்னீர் அதைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே கலந்துபோகாமல் உப்புநீரின் மேல் ஒரு வில்லை வடிவில் மிதக்கிறது. 1880களின் இறுதியில் ஒல்லாந்துப் படைப் பொறியியலாளர் படோன் கைபெனும், 1901இல் வடகடல் தீவுகளை ஆராய்ந்த ஜேர்மனியர் ஹேர்ஸ்பேர்க்கும் இந்த வில்லைக்குத் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். ஒரு கன மீற்றர் நன்னீர் 1,000 கிலோ, கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோ. வித்தியாசம் 25. ஆயிரத்தை 25ஆல் வகுத்தால் 40. அதாவது நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு ஒரு அடி மேலே நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கலாம்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் படித்தால்தான் தீவுக்காரருக்கு அதன் கனதி தெரியும். மேல்மட்டத்தில் ஒரு அடியை இழந்தால், காலப்போக்கில் கீழே இருந்து 40 அடிக்கு உப்புநீர் மேலெழும்பும். உண்மையில் எல்லை இவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை. நடுவில் சவர்த் தண்ணீர்ப் படை ஒன்று இருக்கும், வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் அது ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு இறைப்புக்கு இறைப்பு ஆறியது. மோட்டர் அப்படி இல்லை. ஒரே இடத்தில் விடாமல் உறிஞ்சும்போது அந்த இடத்துக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக மேலே வருகிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழை 1,200 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. தை தொடங்கிப் புரட்டாதி வரை அந்தச் சேமிப்பை வைத்துத்தான் சீவியம்.

இந்தக் கண்ணோடு ஒரு ஒழுகும் குழாயைப் பாருங்கள். செக்கனுக்கு ஒரு துளி என்றால் நாளுக்கு நாலு லீற்றருக்குச் சற்று மேல். இது வாழைக்கன்றுக்குப் போகட்டும் என்று விட்டுவிடலாம். கொமட்டின் தாங்கிக்குள் இருக்கும் அடைப்பு றப்பர் தேய்ந்தால் கதை வேறு. சத்தமில்லாமல், கொமட்டின் பின்சுவரோடு ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகத் தண்ணீர் வழியும். நிமிடத்துக்குக் கால் லீற்றர் என்று வைத்தாலே நாளுக்கு 360 லீற்றர். அது கிணற்றில் இருந்து மோட்டர் இறைத்த தண்ணீர். போய்ச் சேருவது மலகூடக் குழிக்குள். வில்லையின் மேல்மட்டத்தை இறக்கிக்கொண்டே, குழியில் கிடக்கும் அழுக்கை அதே வில்லைக்குள் தள்ளுகிறது. கண்டுபிடிப்பது மிக இலகு. தாங்கிக்குள் கேக்குக்குப் போடும் கலரிங் சில துளி விட்டு, ஒருவரும் பாவிக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். கொமட்டுக்குள் நிறம் தெரிந்தால் றப்பரை மாற்றவேண்டும். குளியலறைத் திருத்தத்தில் இதைவிட மலிவான வேலை இல்லை. இதைவிடப் பயனுள்ளதும் அதிகம் இல்லை.

இனிச் சுவருக்குள் போவோம். தீவுப்பகுதி வீடுகளில் குழாய் மாற்றுகிற எவரும் ஒரு தடவையாவது இதைக் கண்டிருப்பார்கள்: பித்தளைக் குழாயைக் கழற்றச் சாவியைப் போட்டு மெல்லத் திருப்பினால், கைப்பிடிப் பக்கம் கையோடு வந்துவிடும், புரிப்பக்கம் சுவருக்குள் நின்றுவிடும். முறிந்த வாயை வெளிச்சத்தில் பிடித்தால் பித்தளையின் மஞ்சள் வெளி ஓரத்தில் மட்டும்தான் இருக்கும். தண்ணீர் பட்ட உட்பக்கம் செம்பு நிறத்தில், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். பித்தளை செம்பும் நாகமும் சேர்ந்த கலவை. சாதாரணக் குழாய்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நாகம். குளோரைட்டு நிறைந்த சவர்த் தண்ணீரில் நாகம் கரைந்து போய்விடுகிறது; மிச்சம் நிற்பது துளை விழுந்த செம்பு எலும்புக்கூடு. வெளியே குரோமியம் பூசியிருப்பதால் ஒன்றும் தெரியாது. பழைய ஆட்கள் வாங்கிய கனத்த குழாய்கள் 20, 30 வருடம் நின்றன என்றால், உலோகத்தின் தடிப்பு அதற்கு ஒரு காரணம். இன்று கடையில் மலிவாகக் கிடைப்பவற்றின் சுவர் மிக மெல்லியது. அரிப்புக்குத் தின்ன அதிகம் இல்லை. நாகம் கரையாமல் இருக்கச் சிறிதளவு ஆர்செனிக் சேர்த்துச் செய்யும் பித்தளை வகை உண்டு. அது கிடைக்காத இடத்தில், சவர்க் கிணறு உள்ள வீட்டுக்கு நல்ல தரமான பிளாஸ்ரிக் குழாயே மேல் என்பது என் முடிவு. பளபளப்புக் குறைவுதான், ஆனால் சுவருக்குள் முறியாது.

பேசினுக்குக் கீழே, கொமட் தாங்கிக்குப் பக்கத்தில் பூட்டும் வளையும் குழாய்க்கும் இதே விதி. உள்ளே றப்பர், வெளியே மெல்லிய கம்பிப் பின்னல். கடற்காற்றும் குளோரைட்டும் அந்தக் கம்பியில் ஊசிமுனைத் துளைகளைப் போடும். பின்னலில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் காத்திருக்கவேண்டாம். கம்பி ஒன்றிரண்டாக அறுந்து, ஒருநாள் றப்பர் வெடிக்கும். வீடு பூட்டிக் கிடக்கும் மாதத்தில் அது நடந்தால் மேல்நிலைத் தாங்கித் தண்ணீர் முழுவதும் வீட்டுக்குள்.

அரிக்காத குழாய் வேண்டும் என்றுதான் எல்லாரும் பிவிசிக்கு மாறினார்கள். நல்ல முடிவு. அதைப் பொருத்தும் விதத்தில்தான் பிழை வருகிறது. பிவிசிக்குப் பூசும் கம், சாதாரணப் பசை அல்ல. அது குழாயின் மேற்பரப்பைக் கரைக்கும் திரவம். இரண்டு பக்கமும் கரைந்து, ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி, திரவம் ஆவியாகிப் போனதும் இரண்டு துண்டும் ஒரே பிளாஸ்ரிக் ஆகிவிடும். அதற்குக் குழாய் நேராக அறுபட்டிருக்கவேண்டும், பிசிறு சீவியிருக்கவேண்டும், காய்ந்திருக்கவேண்டும், தூசி இருக்கக்கூடாது. உள்ளே தள்ளும்போது கால் சுற்றுச் சுற்றி அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். விட்டால் வழுக்கிப் பின்னுக்கு வந்துவிடும். தூசி பட்ட மூட்டில் ஒரு முடியளவு பாதை மிஞ்சும். அது இன்றைக்கு ஒழுகாது. ரைல்ஸ் பதித்த பிறகு ஒழுகும்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். இணைப்புத் துண்டு கைவசம் இல்லை, படகேறிப் போய் வாங்க நேரமில்லை என்றால், குழாயின் நுனியை நெருப்பில் வாட்டி விரித்து, மற்றக் குழாயை அதற்குள் செருகிவிடுகிறார்கள். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ வேலை செய்பவருக்கு ஒரு முழங்கைத் துண்டுக்காகக் குறிகட்டுவானுக்குப் போய்வருவது ஒரு நாள் கூலி என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிவிசி 80 பாகை அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். நெருப்புச் சுவாலை அதைவிடப் பல மடங்கு சூடு. விரித்த இடத்தில் சுவர் மெலியும், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெல்லியதாகும், கருகிய இடத்தில் பிளாஸ்ரிக்கின் கட்டமைப்பே உடைந்து ஐதரோகுளோரிக் அமில வாயு வெளியேறும். அந்த மூட்டு மோட்டர் தொடங்கும்போது வரும் ஒவ்வொரு அடியையும் தாங்கவேண்டும். தீவில் வேலை எடுப்பவர் படகேறும் முன்னரே முழங்கைகளையும் இணைப்புகளையும் தேவைக்கு மேலாகவே வாங்கி ஏற்றிவிடவேண்டும். மிஞ்சினால் மிஞ்சட்டும்.

ஷவரில் தண்ணீர் மெல்ல வருகிறது என்று மேல்நிலைத் தாங்கியைப் பெரிதாக்குபவர்கள் உண்டு. அமுக்கத்தைத் தருவது உயரம் மட்டுமே. ஒரு மீற்றருக்குப் பத்தில் ஒரு பங்கு வளிமண்டல அமுக்கம். 500 லீற்றர்த் தாங்கியும் 2,000 லீற்றர்த் தாங்கியும் ஒரே உயரத்தில் இருந்தால் ஒரே அமுக்கந்தான். பெரும்பாலும் ஷவரின் துளைகளைச் சுண்ணாம்புப் படிவு அடைத்திருக்கும். வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்தால் திறந்துவிடும்.

சீமெந்துக்கு வருவோம். தீவுகளில் குளியலறை வேலையின் அரைவாசிப் பழுது இங்கேதான் பிறக்கிறது. கடற்கரை மணல் கிட்டத்தில் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் சவராக இருக்கிறது. வீட்டுக்காரர் தயங்கினால் மேசன் சொல்வார்: “இந்தத் தண்ணியிலை குழைச்சாக் கெதியா இறுகும் அண்ணை, பயப்பிடாதேங்கோ.” அவர் சொல்வது பொய் இல்லை. குளோரைட்டு சீமெந்து இறுகுவதை வேகப்படுத்தும். குளிர்நாடுகளில் ஒரு காலத்தில் கல்சியம் குளோரைட்டை வேண்டுமென்றே கலந்தார்கள். முதல் வாரத்தில் கல்லுப்போல நிற்கும். ஆபத்து கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பிக்கு.

நல்ல கொங்கிறீற்று கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில் இரும்புக் கம்பியின் மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உருவாகி, துருவைத் தடுக்கும். குளோரைட்டு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். சீமெந்தின் நிறையில் 0.4 சதவீதத்துக்கு மேல் குளோரைட்டு இருக்கக்கூடாது என்பது பல நாட்டுத் தரவிதிகள் வைத்திருக்கும் எல்லை. 50 கிலோப் பையொன்றுக்கு அது 200 கிராம். ஒரு பைக்கு ஏறத்தாழ 25 லீற்றர்த் தண்ணீர் போகும். கடல்நீரில் லீற்றருக்கு 19 கிராம் குளோரைட்டு. 25 லீற்றரில் 475 கிராம். எல்லையின் இரண்டு மடங்குக்கும் மேல். லீற்றருக்கு 2 கிராம் குளோரைட்டு உள்ள சவர்க் கிணற்று நீர் என்றால் 50 கிராம்தான், எல்லைக்குள் நிற்கும். ஆனால் கழுவாத கடல் மணலின் உப்பு அதோடு சேரும். பிறகு குளியலறைத் தரை நாள்தோறும் சவர்த் தண்ணீரில் நனைந்து காய்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு உள்ளேயே தங்குகிறது. பத்து வருடத்தில் எல்லை தாண்டும்.

துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் எடுக்கும். கம்பியைச் சுற்றி உள்ளிருந்து தள்ளும். கொங்கிறீற்று வெடித்துச் செதிலாக விழும். மாடிக் குளியலறையின் அடித்தட்டில், கம்பி ஓடும் கோட்டிலேயே பழுப்பு வரி தெரியும். சுத்தியலால் தட்டினால் வெறும் பானைச் சத்தம். இதைத் திருத்தும்போது நடக்கும் ஒன்று பலரைக் குழப்பியிருக்கிறது. விழுந்த இடத்தைச் செதுக்கி, கம்பியைத் துடைத்து, புதுச் சீமெந்தால் அடைப்பார்கள். ஒட்டு நன்றாக நிற்கும். இரண்டு மூன்று வருடத்தில் ஒட்டைச் சுற்றி வெடிக்கும். துருவேறல் ஒரு மின்வேதித் தாக்கம். துருப்பிடித்த இடம் நேர்மின்வாயாக நின்று தன்னைத் தின்னக் கொடுக்கும்போது, பக்கத்துக் கம்பிக்கு அது காவலாகவும் இருந்தது. அந்த இடத்தைப் புதுச் சீமெந்தால் காப்பாற்றியதும் காவல் போய்விட்டது. உப்பு ஏறிய பக்கத்துக் கொங்கிறீற்றுக்குள் கிடக்கும் கம்பி இப்போது நேர்மின்வாய் ஆகிறது. ஆகவே வெடித்த துண்டை மட்டும் செதுக்கினால் போதாது. வெடிக்காவிட்டாலும் உப்பேறிய பகுதி முழுவதையும் கம்பிக்குப் பின்வரை எடுக்கவேண்டும். செலவுதான்; ஆனால் அரைகுறையாகச் செய்வது பக்கத்துப் பழுதை விரைவாக்கும் செலவு.

கம்பி போடும் எந்த வேலைக்கும், தட்டுக்கும் வளையத்துக்கும் தாங்கிக் கட்டுக்கும், பவுசரில் நல்ல தண்ணீர் எடுத்துக் குழையுங்கள். கம்பி இல்லாத பூச்சுக்குச் சவர்த் தண்ணீரின் பாதிப்பு குறைவு. ஆனாலும் உப்புப் பூக்கும். பூக்கும் உப்பு வெறும் அசிங்கமல்ல. சுவரின் நுண்துளைகளால் ஏறிய தண்ணீர் மேற்பரப்பில் ஆவியாக, உப்புப் பளிங்குகள் துளைகளுக்குள்ளேயே வளர்ந்து பூச்சை உள்ளிருந்து உடைக்கும். நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய பழைய சுவர்களுக்கு இறுக்கமான சீமெந்துப் பூச்சுப் பூசுவதை நான் கடுமையாக எதிர்ப்பேன். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சீமெந்து அதை மறிக்கும். மறிபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, முழங்காலில் நின்ற ஓதம் இடுப்புக்கு வரும். பூச்சைத் தொடுமுன் ஈரம் நிலத்தில் இருந்து ஏறுகிறதா, குழாயில் இருந்து ஒழுகுகிறதா என்று தெரிந்துகொள்ளவேண்டும். இரவில் மேல்நிலைத் தாங்கியை நிரப்பி, மட்டத்துக்கு ஒரு கோடு கீறி, ஒருவரும் குழாயைத் தொடாமல் விடியும்வரை விட்டுப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் சுவருக்குள் தேடவேண்டியது குழாயை.

போகிற தண்ணீருக்கு ஒரு காவலாளி உண்டு: கொமட்டுக்கும் பேசினுக்கும் தரைத் துவாரத்துக்கும் கீழே உள்ள வளைவு. 1775இல் இலண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கமிங் தன் மலசலகூடத்துக்கு உரிமம் எடுத்தபோது, குழாயை வளைத்து அதற்குள் எப்போதும் சிறிது தண்ணீர் தேங்கி நிற்கும்படி செய்தார். ஐந்து சென்ரிமீற்றர்த் தண்ணீர்தான். குழியில் இருந்து வரும் வாயுவையும் கரப்பானையும் அதுவே மறிக்கிறது. அந்தத் தண்ணீர் இரண்டு வழியில் போய்விடும். ஒன்று, காற்றுக்குழாய் இல்லாத வீட்டில் கொமட் தண்ணீர் குழாயை நிறைத்துக்கொண்டு பாயும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகி, பேசின் வளைவில் நின்ற தண்ணீரை உறிஞ்சிவிடும். பேசின் போடும் களகளச் சத்தம் இதுதான். கூரைக்கு மேல் திறந்து நிற்கும் ஒரு குழாய் இருந்தால் காற்று அதன் வழியே வரும், வளைவு பிழைக்கும்.

மற்றது ஆவியாதல். தீவுப்பகுதிக்கு இது தனிப்பட முக்கியம். ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருப்பவர்கள் நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வந்து ஒரு மாதம் நின்றுவிட்டு வீட்டைப் பூட்டிப் போகிறார்கள். எங்கள் வெயிலில் தரைத் துவாரத்து வளைவு சில வாரத்தில் காய்ந்துவிடும். பிறகு குழிக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு தடுப்பும் இல்லை. 2003 மார்ச்சில் ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் தொடர்மாடியில் சார்ஸ் நோய் 300க்கு மேற்பட்டவர்களைப் பிடித்தபோது, விசாரணை கண்ட முக்கிய வழிகளில் ஒன்று காய்ந்துபோன தரைத் துவார வளைவுகள். குடியிருந்தவர்கள் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்துவந்ததால் வளைவுகள் வற்றியிருந்தன. குளியலறை விசிறி கழிவுக்குழாயின் காற்றை உள்ளே இழுத்தது. பூட்டிப் போகுமுன் ஒவ்வொரு துவாரத்துக்கும் தண்ணீர் விட்டு, மேலே இரண்டு கரண்டி கனிய எண்ணெய் ஊற்றிவிட்டால் ஆவியாதல் வெகுவாகக் குறையும். வீட்டைப் பார்க்கும் உறவினரிடம் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னால் இன்னும் நல்லது.

வளைவைத் தாண்டியதும் கழிவு தன் பாரத்தாலேயே ஓடவேண்டும். நாலு அங்குலக் குழாய்க்கு 40க்கு ஒன்று என்ற சரிவு பாதுகாப்பானது. மிகக் கவனமாகப் பதித்தால் 80க்கு ஒன்றும் போதும். இங்கேதான் தீவின் நிலம் குறுக்கே நிற்கிறது. குழி கிணற்றில் இருந்து 15 முதல் 18 மீற்றர் தூரத்தில் இருக்கவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வீட்டில் இருந்து 18 மீற்றர் தள்ளிக் குழி என்றால், 40க்கு ஒன்று என்ற சரிவில் குழாய் 45 சென்ரிமீற்றர் இறங்கவேண்டும். ஒரு சாண் மண்ணுக்குக் கீழே கற்பாறை. ஒவ்வொரு சென்ரிமீற்றரும் உளியும் கூலியும். ஆகவே குழாயை மட்டமாகப் போடுகிறார்கள், அல்லது குழியைக் கிட்டத்தில் வெட்டுகிறார்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் குழி இருக்கும் வீடுகளைப் பார்த்து அறியாமை என்று சொல்லிவிடுவது இலகு. பெரும்பாலும் அது பாறை வெட்டக் காசு போதாமை. இதற்கு ஒரு வழி குளியலறைத் தரையையே ஒரு படி உயர்த்தித் தொடங்குவது. வீட்டைத் திருத்தும் தொடக்கத்தில் முடிவெடுத்தால் செலவு சிறிது, ரைல்ஸ் பதித்தபின் முடியவே முடியாது.

தூரமும் முழுக் காப்பு அல்ல. மணல் நிலத்தில் கழிவுநீர் மெல்ல ஊறி, கிருமிகள் வழியில் வடிகட்டப்படும். வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் வடிகட்டல் மிகக் குறைவு. தண்ணீர் பிளவுகளால் விரைவாக ஓடிவிடும். மாரியில் நிலத்தடி நீர் உயரும்போது பல குழிகளின் அடி நேரடியாக வில்லைக்குள் நிற்கும்.

கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். நைத்திரேற்றை முடியாது; கொதிக்கக் கொதிக்க அது செறியும். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதை மீறிய தண்ணீரில் பால்மாக் கரைத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனை இழக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் இந்த எல்லை தாண்டியிருப்பது 1980களில் இருந்தே ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. தோட்டத்துப் பசளையும் மலகூடக் குழிகளும் இரண்டு காரணங்கள். ஒரு வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் கழிவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கிலோ நைதரசன். ஐந்து பேருக்கு 20 கிலோ. அது முழுவதும் நைத்திரேற்றாகி வில்லையில் கலந்தால், 50 மில்லிகிராம் எல்லைக்குள் வைக்க 1,770 கன மீற்றர்த் தண்ணீர் வேண்டும். மழையில் 250 மில்லிமீற்றர் நிலத்தடிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கு 7,080 சதுர மீற்றர் நிலம். பரப்புக் கணக்கில் 28 பரப்பு. நைதரசனில் பாதி வழியில் இழக்கப்படுகிறது என்றாலும் 14 பரப்பு. இரண்டு மூன்று பரப்புக் காணியில் நெருங்கி வீடு கட்டும் இடத்தில் இந்தக் கணக்கு ஒருபோதும் சரிவராது; ஒரு வீட்டின் குழி அயல்வீட்டின் கிணறும்தான்.

ஆகவே அடியில்லாத குழியை நான் எந்தத் தீவு வீட்டுக்கும் சொல்லமாட்டேன். அடியும் சுவரும் ஒழுக்கில்லாமல் கட்டிய இரண்டு அறைத் தாங்கி ஒன்று. அதில் இருந்து தெளிந்து வரும் நீரை ஆழத்துக்கு விடாமல், மண் கொட்டி உயர்த்திய ஆழமில்லாத பாத்திக்குள் விடவேண்டும். அங்கே வேர் ஓடும் மண்ணில் வாழையும் தென்னையும் நைதரசனின் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். குளித்த தண்ணீரைத் தாங்கிக்குள் விடாமல் தனிக் குழாயில் மரங்களுக்குத் திருப்பினால் தாங்கிக்கும் ஓய்வு, மரத்துக்கும் தண்ணீர்.

இவ்வளவும் சரியாகச் செய்யப்பட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு சந்தர்ப்பம்தான் உண்டு: ரைல்ஸ் பதிப்பதற்கு முதல் நாள். தண்ணீர் வரும் குழாய்களின் வாய்களை எல்லாம் அடைத்து, கைப் பம்பால் ஆறு வளிமண்டல அமுக்கம் ஏற்றி, அமுக்கமானியின் முள்ளைப் பார்த்து ஓர் இரவு விடவேண்டும். கழிவுக் குழாயின் கடைசி வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி மட்டம் குறிக்கவேண்டும். தரைக்கு நீர்காப்புப் பூசியதும் துவாரத்தை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீர் 24 மணி நேரம் கட்டிவைக்கவேண்டும். மூடுமுன் குழாய்கள் ஓடும் பாதையைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பிறகு எவராவது ஆணி அடிக்கும்போது அது உதவும். கூலி ஒரு நாள் கூடும். மேசன் முகம் சுளிக்காமல் இருக்க, அந்த நாளின் கூலியை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். பிழை கண்டுபிடிக்கப்பட்டால் அவர் கையிலேயே, அவர் நிற்கும்போதே திருந்திவிடும்.

2024 ஓகஸ்டில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர்த் தண்ணீர் தரக்கூடிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. குழாய்த் தண்ணீர் வந்துசேரும் வீடுகளில் கிணறு தேவையில்லாமல் போகும். அப்போது அந்தக் கிணற்றையே கழிவுக் குழியாக மாற்றிவிடலாம் என்ற எண்ணம் வரும். வெட்டின குழி, பாறை உடைக்கும் செலவும் இல்லை. அதை மட்டும் செய்யாதீர்கள். கிணறு வில்லையின் நடுவுக்குள் நேராக இறங்கும் வழி. அதில் விடும் கழிவுக்கு ஒரு விரல் மண்கூட வடிகட்ட இல்லை. பாவிக்காத கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, மேலே மூடி, கூரைப் பீலித் தண்ணீரை மணலும் சல்லியும் போட்ட வடிகட்டி ஊடாக அதற்குள் விடுங்கள். மாரியில் 100 சதுர மீற்றர்க் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,000 லீற்றர். ஓடு உறிஞ்சுவதும் கசிவும் போக எண்ணூறு லீற்றராவது கீழே போய்ச் சேரும்.